குண்டும் ஷெல் சில்லும் துளைத்த தலைக்காயம்: மூளைத் தொற்றைத் தடுப்பதும் வந்தபின் கையாள்வதும்

களஅறுவை (கேள்வி):

வணக்கம். போர்க்காயங்கள் வந்து சேரும் சிறிய அறுவை அரங்கு ஒன்றுக்கு, மூளைக்குள் புகுந்த தலைக்காயம் பற்றிய நடைமுறைக் குறிப்பு தயாராகிறது. சிடி உண்டு, எம்ஆர்ஐ இல்லை. காயம்பட்டவர் வந்து சேர 6 முதல் 24 மணி நேரம் பிடிக்கிறது. முதல் சில நாட்களைத் தாண்டிப் பிழைத்தவரைப் பிறகு சாய்ப்பது மூளையுறை அழற்சி, வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) தொற்று, சீழ்க்கட்டி இவைதான் என்பதால், தொற்றுப் பகுதியைத் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நூல்கள் ஒன்றுக்கொன்று இடிக்கும் இடங்கள் இவை. ஆழத்தில் தங்கிய எலும்பு, உலோகச் சில்லுகளை எடுத்தே ஆக வேண்டுமா? தடுப்பு ஆன்டிபயாடிக் எது, எத்தனை நாள்? சிஎஸ்எஃப் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர்) கசிவு தெரிந்தால் எவ்வளவு நாள் பொறுக்கலாம்? பத்தாம் நாள் காய்ச்சல் அடித்தால் எந்த வரிசையில் தேடுவது? அளவு, நேரம், எங்கே தவறு நடக்கும் என்பதோடு எழுதினால் பெரிய உதவி.

நரம்பறுவை:

ஆழத்துச் சில்லைத் துரத்த வேண்டாம். பழைய நூல்கள் வேறு மாதிரி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1917ல் ஹார்வி குஷிங், காயத்தடத்துக்குள் மெல்லிய ரப்பர் கதீட்டரை விட்டு, கூழான மூளையை உறிஞ்சி, எலும்புச் சில்லுகளைத் தடவித் தேடி எடுத்து, தோலை முழுக்க மூடினார். மூன்று மாதத்தில் இறப்பு சுமார் 55 சதவீதத்திலிருந்து 29 சதவீதத்துக்கு அருகே இறங்கியது. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்துக்கு அது மிகச் சரியான வேலை. அந்த வழக்கம் வியட்நாம் போர் வரை நீண்டது; அறுவைக்குப் பின் எடுத்த படத்தில் எலும்புச் சில்லு மிச்சம் தெரிந்தால் மறுபடியும் திறந்தார்கள். 1982 லெபனான் போரில் இஸ்ரேலிய மருத்துவர்கள், மூளையைக் காப்பாற்றுவதே முதல் நோக்கம் என்று குறைவாக நீக்கினார்கள். சில்லு தங்கியவர்களிடம் தொற்று அதனால் கூடவில்லை. சில்லைத் தேடிய மறுதிறப்புகள் நல்ல மூளையைத்தான் சேதப்படுத்தின என்பது பிறகு தெளிவானது.

எனவே எடுக்க வேண்டியவை: செத்த தோல் விளிம்பு, நொறுங்கிய எலும்பு, தானாக வெளியே வரும் கூழ் மூளை, அழுத்தம் தரும் ரத்தக்கட்டி, வழியில் கைக்கெட்டும் சில்லுகள். ரப்பர்க் குமிழ் சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து மெதுவாக அலசி, கழுவிய நீரோடு வருவதை மட்டும் எடுத்தால் போதும். முடி, துணி, மண் ஒட்டிய எலும்புக் கொத்து மேலாகக் கிடந்தால் அதை விடாதீர்கள். தனி உலோகச் சில்லைவிட அது பலமடங்கு ஆபத்து. குண்டின் வெப்பத்தில் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. அது தவறு.

கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. குளோர்ஹெக்சிடின் மூளையிலும் உறையிலும் படவே கூடாது, நரம்புக்கு நஞ்சு. ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். மூடிய குழிக்குள் வாயு உண்டாகி ரத்தக்குழாய்க்குள் போகும். தோலுக்குப் போவிடோன் அயோடின், உள்ளே உடல்வெப்பத்துக்குச் சூடாக்கிய உப்புநீர் மட்டும்.

இப்போது உங்கள் குறிப்பில் பெரிய எழுத்தில் வர வேண்டியது: தொற்றைத் தீர்மானிப்பது கசிவுதான். வியட்நாம் போர்ப் பதிவுகளில் டியூரா (மூளையின் கெட்டியான வெளியுறை) கிழிந்த 1133 பேரில் 101 பேருக்கு சிஎஸ்எஃப் கசிவு. கசிந்தவர்களில் 49.5 சதவீதம் பேருக்குத் தொற்று, கசியாதவர்களில் 4.6 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். எந்த மருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே அறுவையில் மிச்சப்படுத்தும் நேரத்தை டியூராவை மூடுவதில் செலவிடுங்கள். விளிம்புகள் சேராது, இழுத்துச் சேர்த்தால் மறுநாள் வீக்கத்தில் கிழியும். ஒட்டு போடுங்கள், நோயாளியின் சொந்தத் திசுவாக: பெரிக்ரேனியம் (மண்டையோட்டின் மேல்சவ்வு), டெம்பொராலிஸ் ஃபேசியா (பொட்டுத் தசையின் உறை), அது போதாவிட்டால் தொடையிலிருந்து ஃபேசியா லாட்டா (தொடைத் தசையின் உறை). அதனால்தான் காயம்பட்டவரின் ஒரு தொடையையும் ஆரம்பத்திலேயே தயார்செய்து துணி போட வேண்டும். அழுக்கான காயத்தில் செயற்கை ஒட்டு வைத்தால் அதுவே கிருமிக்கு வீடு. 4-0 நூலில் தொடர்தையல், முடிந்ததும் மயக்க மருத்துவரிடம் சில வினாடி மூச்சழுத்தம் கூட்டச் சொல்லி, எங்கே சொட்டுகிறது என்று பார்த்து அங்கே மறுதையல்.

தோலை இரண்டு அடுக்காக மூடுங்கள்: கேலியாவுக்குக் (தலைத்தோலின் கெட்டியான உள்ளடுக்கு) கரையும் 2-0 நூல், மேல்தோலுக்கு நைலான். இறுக்கம் இருந்தால் விளிம்பு கருத்து ஐந்தாம் ஆறாம் நாளில் பிளக்கும், கீழே டியூரா எவ்வளவு நன்றாக மூடியிருந்தாலும் கதை முடிந்தது. பெரிய இழப்பென்றால் முதல் நாளே சுழல் மடல் எடுங்கள். கேலியாவுக்குக் கீழே வடிகுழாய் வைத்தால் உறிஞ்சும் விசை இல்லாமல் விடுங்கள்; வெற்றிடக் குப்பி டியூராத் தையலின் வழியே சிஎஸ்எஃப்பை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நெற்றி சைனஸ் உடைந்திருந்தால் தனி வேலை. பின்சுவரை நீக்கி, சளிச்சவ்வை ஒரு துளியும் விடாமல் சுரண்டி, எலும்பைத் துளைப்பானால் மெருகேற்றி, மூக்குக்குப் போகும் வழியைத் தசைத்துண்டால் அடைத்து, அதன்மேல் ரத்தஓட்டம் உள்ள பெரிக்ரேனிய மடலைப் போர்த்த வேண்டும். சவ்வு மிஞ்சினால் மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட சளிப்பையும் சீழும் வரும். கண்குழி வழியாகப் புகுந்த சில்லையும் மறக்காதீர்கள்: இமையில் அரை சென்டிமீட்டர் கீறல்தான் தெரியும், உள்ளே நெற்றி மடல் வரை தடம் போயிருக்கும்.

சில்லு பெரிய ரத்தக்குழாய் அருகே இருந்தால் தொடுவதற்கு முன் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எடுங்கள். காயத்தில் உண்டாகும் போலி அனியூரிசம் (குழாய்ச் சுவர் கிழிந்து வரும் ரத்தப் புடைப்பு) முதல் நாள் படத்தில் தெரியாமல் இரண்டாம் வாரத்தில் தெரிவதும் உண்டு.

நுண்ணுயிர்க்கூடம்:

தடுப்பு மருந்து பற்றி. முதல் டோஸ் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. அரங்குக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதலுதவி இடத்திலேயே நரம்பு வழி போகட்டும். பிரிட்டிஷ் பணிக்குழு 2000ல் பரிந்துரைத்தது: கோ-அமாக்சிகிளாவ் 1.2 கிராம் 8 மணிக்கொரு முறை, அல்லது செஃபுராக்சிம் முதலில் 1.5 கிராம், பிறகு 750 மில்லிகிராம் 8 மணிக்கொரு முறை, அதோடு மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் 8 மணிக்கொரு முறை. மொத்தம் 5 நாள். அமெரிக்க ராணுவ வழிகாட்டுதல் செஃபசோலின் 2 கிராம் 6 முதல் 8 மணிக்கொரு முறை என்கிறது. மண், செடித்துண்டு போல கரிமக் குப்பை ஒட்டியிருந்தால் மெட்ரோனிடசோல் சேர்க்க வேண்டும். அங்கேயும் 5 நாள்தான், கசிவு இருந்தால் அது அடையும் வரை.

இரண்டில் கையில் எது தடையில்லாமல் கிடைக்கிறதோ அதை ஒன்றாக நிலைநிறுத்துங்கள். மெரோபெனத்தைத் தடுப்புக்கு எடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இராக் போரில் அசினெட்டோபாக்டர், 2022க்குப் பின் உக்ரைன் காயங்களில் கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்று கிருமிகளைக் கண்டிருக்கிறோம். இவற்றில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வருவதில்லை. மருத்துவமனைக் கைகள், குழாய்கள், ஒரு வார்டிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் பயணம் இவற்றில் வருகிறது. தடுப்புக்கே கார்பபெனம் (மெரோபெனம் சேர்ந்த மருந்துக்குழு) கொடுத்தால், எஞ்சி வளர்வது அதற்கும் அடங்காத கிருமியாக இருக்கும்.

களத்தில் எர்டாபெனம் 1 கிராம் போட்டு அனுப்பியிருந்தால் மூளைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது சிஎஸ்எஃப்புக்குள் போதுமான அளவில் போவதில்லை. வந்தவுடன் மேலே சொன்ன முறைக்கு மாற்றுங்கள். டெட்டனஸ் ஊசி நிலை தெரியாவிட்டால் டாக்சாய்டு 0.5 மில்லியோடு இம்யூனோகுளோபுலின் 250 அலகு, வேறு வேறு தசையில்.

தொற்று உறுதி அல்லது பலத்த சந்தேகம் என்றால் நிலைமை வேறு. வான்கோமைசின் முதலில் கிலோவுக்கு 25 முதல் 30 மில்லிகிராம், பிறகு கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் 8 முதல் 12 மணிக்கொரு முறை, ரத்த அளவு பார்த்து. அதோடு மெரோபெனம் 2 கிராம் 8 மணிக்கொரு முறை, அல்லது செஃபிபிம் 2 கிராம் 8 மணிக்கொரு முறை. செஃபிபிம் கொடுத்தால் மெட்ரோனிடசோலும் தேவை. மெரோபெனமே ஆக்சிஜன் இல்லாமல் வளரும் கிருமிகளைப் பிடித்துவிடும். 1 கிராம் என்ற வழக்கமான மெரோபெனம் அளவு மூளைக்குப் போதாது, இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவரிடம் செஃபிபிம் சேர்ந்தால் குழப்பம், வலிப்பு வரும். அதைத் தொற்று மோசமாகிறது என்று தவறாகப் படிப்பார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் போர் தோற்கிறது. சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுக்காதீர்கள். சிரிஞ்சில் உறிஞ்சி, காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி மூடியிட்டு உடனே அனுப்புங்கள். எடுத்த எலும்புச் சில்லும் செத்த திசுவும் மலட்டுக் குப்பியில் தனியே வரட்டும். சிஎஸ்எஃப்பைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்துக்குப் "போர்க்காயம், உள்ளே சில்லு உண்டு" என்று எழுதி அனுப்பினால் வளர்ப்பை 10 நாள் வைத்திருப்போம். கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற மெதுவாக வளரும் கிருமி மூன்று நாளில் தலைகாட்டாது. காயத்தின் மேல்பரப்பில் எடுத்த மாதிரியை நம்பி மருந்து மாற்றாதீர்கள், அங்கே வளர்வதும் உள்ளே வளர்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

களஅறுவை:

நன்றி, இருவரும் சொன்னதில் குறிப்பின் பாதி மாறுகிறது. இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்பதாம் நாள் மூக்கில் தெளிந்த நீர் வடிகிறது, பத்தாம் நாள் 38.8 டிகிரி காய்ச்சல், வலிப்புக்கு வால்புரோயேட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுவை முடிந்தவரின் சிஎஸ்எஃப்பில் ரத்தம் கலந்தே இருக்குமே, அணு எண்ணிக்கையை எப்படி நம்புவது?

தீவிரசிகிச்சை:

அந்த நோயாளியில் மூன்று பிரச்சினை ஒன்றாக நிற்கிறது. மருந்துப் பிரச்சினையை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அது சத்தமில்லாமல் கொல்லும். மெரோபெனம் தொடங்கினால் வால்புரோயேட்டின் ரத்த அளவு ஒன்றிரண்டு நாளில் அதலபாதாளத்துக்குப் போகும். வால்புரோயேட் டோஸைக் கூட்டினாலும் ஏறாது. மெரோபெனம் முதல் டோஸோடு லெவெடிராசிடம் தொடங்குங்கள், 500 முதல் 1000 மில்லிகிராம் 12 மணிக்கொரு முறை, சிறுநீரகம் பார்த்து. இமிபெனம் வேண்டவே வேண்டாம், அதுவே வலிப்பைத் தூண்டும். பூஞ்சைக்கு வோரிகோனசோல் தேவைப்படும் நாள் வந்தால் ஃபெனிடோயின் அதன் அளவைக் கரைத்துவிடும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

அடுத்து காய்ச்சல். ரத்த வளர்ப்பு இரண்டு செட், வெவ்வேறு இடத்தில். கட்டைப் பிரித்துக் காயத்தைக் கண்ணால் பாருங்கள்; ஈரமான தலையணை உறை ஒன்றே பல நேரம் விடை சொல்லும். நெஞ்சு, சிறுநீர், ரத்தக்குழாய் வடிகுழாய், கால் வீக்கம் எல்லாம் பாருங்கள், ஆனால் நிமோனியா கண்டுபிடித்ததும் தலையைத் தேடுவதை நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கும். பிறகு மருந்தேற்றிய சிடி (படம் தெளியும்படி ரத்தத்தில் நிறமருந்து செலுத்தி எடுப்பது). வளையம் தெரிந்தால் சீழ்க்கட்டி. முதல் வாரத்தில் வளையம் இல்லாமல் மங்கலான கருமை மட்டும் இருந்தால் அது சீழாகும் முந்தைய நிலையாக இருக்கலாம், 5 முதல் 7 நாளில் மறுபடி எடுங்கள். உலோகம் படத்தில் கீற்று போடும். ஸ்கேன் சாய்வை மாற்றியும் மெல்லிய வெட்டுகளாகவும் எடுத்தால் கொஞ்சம் தெளியும். எந்த உலோகம் என்று தெரியாத சில்லு உள்ளே இருக்கும்போது, பிறகு எம்ஆர்ஐ உள்ள இடத்துக்கு மாற்றினாலும் அந்த வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

சிடியில் மூளையின் நடுக்கோடு விலகல் இல்லை, மூளையின் அடியில் உள்ள நீர்த்தொட்டிகள் திறந்திருக்கின்றன என்றால் மட்டும் கீழ்முதுகில் ஊசியிட்டு சிஎஸ்எஃப் எடுங்கள். ரத்தம் கலந்த சிஎஸ்எஃப்பில் 500 முதல் 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு என்று கழிக்கும் கணக்கு தோராயமானதே, அறுவைக்குப் பின் இன்னும் நம்பகம் குறைவு. லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கு மேல், குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழ், அல்லது ரத்த குளுக்கோஸில் 0.4 பங்குக்குக் கீழ் என்றால் தொற்றின் பக்கம் சாயுங்கள். ஒற்றை எண்ணைவிட இரண்டு நாள் இடைவெளியில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அதிகம் சொல்லும். நினைவு மங்கியவரிடம் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். வளர்ப்புக்கு எடுத்த கையோடு முதல் டோஸ்.

மூக்கில் வடிவது சிஎஸ்எஃப்தானா என்று உறுதிசெய்ய பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைச் சோதிக்கும் வசதி இருந்தால் அனுப்புங்கள். துணியில் வளையம் பார்ப்பதும் குளுக்கோஸ் பட்டையும் ஏமாற்றும். மூக்கு வழியாக எந்தக் குழாயும் விடாதீர்கள், உணவு செலுத்தும் குழாயும் வாய் வழியாகவே. மூக்கை அடைக்க வேண்டாம். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, மலம் இளக்கி, மூக்கு சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி நிலையையும் கேளுங்கள்.

நரம்பறுவை:

கசிவுக்கு எத்தனை நாள் என்ற கேள்விக்கு. வியட்நாம் பதிவுகளில் கசிவுகளில் 72 சதவீதம் முதல் இரண்டு வாரத்தில் தெரிந்தன, 44 சதவீதம் தாமாகவே நின்றன. கிட்டத்தட்ட பாதி, காயம் இருந்த இடத்தில் இல்லாமல் தூரத்து எலும்பு விரிசல் வழியே வந்தவை. ஆகவே மூக்கு, காது வழிக் கசிவுக்கு மேலே சொன்ன கவனிப்போடு சில நாள் பொறுக்கலாம். நிற்காவிட்டால் இடுப்பு வடிகுழாய் (கீழ்முதுகிலிருந்து சிஎஸ்எஃப்பை வடிக்கும் குழாய்), மணிக்கு 5 முதல் 10 மில்லி, 3 முதல் 5 நாள். குப்பியின் உயரம் தாழ்ந்தால் ஒரே இரவில் மிகையாக வடிந்து மண்டைக்குள் காற்று ஏறும், அதனால் மணிக்கணக்காக அளந்து எழுதும் ஆள் இல்லாத வார்டில் இதைத் தொடங்காதீர்கள். நடுக்கோடு விலகல் இருந்தால் கூடவே கூடாது. இவ்வளவுக்கும் நிற்காததை மண்டையைத் திறந்து அடைக்க வேண்டும்.

காயத்திலேயே கசிந்தால் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். மேலே ஒரு தையல் கூடப் போட்டுப் பார்ப்போம் என்று மூன்று நாள் கழிப்பது தான் அதிகம் நடக்கும் தவறு. அரங்குக்குக் கொண்டுபோய் டியூரா வரை இறங்குங்கள். மறுதையலுக்குப் பிறகும் கசிந்தால் நீர் தேங்கி வென்ட்ரிக்கிள் பெருத்திருக்கிறதா என்று சிடி பாருங்கள். உள்ளழுத்தம் குறையாமல் எந்தத் தையலும் நிற்காது.

சீழ்க்கட்டி சுமார் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அல்லது அழுத்தம் தந்தால் பர் ஹோல் (மண்டையோட்டில் போடும் சிறு துளை) வழியாக உறிஞ்சுவதே முதல் வழி. ஆனால் போர்க்காயத்தில் ஒரு வேறுபாடு உண்டு: கட்டிக்குள் எலும்புக் கொத்து, முடி, துணி இருந்தாலோ தோலுக்குத் தடம் திறந்திருந்தாலோ உறிஞ்சிவிட்டு விடக் கூடாது, திரும்பத் திரும்ப நிரம்பும். அங்கே உறையோடு வெட்டி எடுத்து, காரணத்தையும் எடுத்து, டியூராவைப் புதிதாக மூட வேண்டும். முதல் நாளில் சில்லை விடச் சொன்ன நானே இங்கே எடுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அந்தச் சில்லு குற்றவாளி என்று தெரிந்துவிட்டது.

வென்ட்ரிக்கிளுக்கு அருகே உள்ள கட்டியை நாளை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். திடீர்த் தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு சரிவு வந்தால் உள்ளே உடைந்துவிட்டது. வென்ட்ரிக்கிளிலிருந்து வெளியே வடியும் குழாய் வைத்து அதன் வழியே மருந்தும் கொடுக்க நேரிடும். டெக்சாமெதசோன் உயிருக்கு ஆபத்தான வீக்கத்துக்கு மட்டும், சில நாள்.

நுண்ணுயிர்க்கூடம்:

வென்ட்ரிக்கிளுக்குள் கொடுக்கும் மருந்துக்கு அளவு: வான்கோமைசின் 5 முதல் 20 மில்லிகிராம், ஜென்டாமைசின் பெரியவருக்கு 1 முதல் 8 மில்லிகிராம், கொலிஸ்டின் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. பதனப்பொருள் கலக்காத குப்பியாக இருக்க வேண்டும், லேபிளை இருவர் படிக்கட்டும். கொடுத்தபின் குழாயை 15 முதல் 60 நிமிடம் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மருந்து பைக்குள் போகும். நேரம் முடிந்து திறக்க மறந்தால் அழுத்தம் ஏறும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கால அளவு: உறிஞ்சிய சீழ்க்கட்டிக்கு நரம்பு வழி 6 முதல் 8 வாரம், முழுதாக வெட்டியெடுத்தால் 4 முதல் 6 வாரம். சிடி ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை. குணமான பிறகும் மங்கலான வளையம் மாதக்கணக்கில் தெரியும். நோயாளி நன்றாக இருக்க, அளவும் சுருங்கிக்கொண்டிருக்க, வளையத்தை மட்டும் பார்த்து மருந்தை நீட்டாதீர்கள். மெட்ரோனிடசோல் வாரக்கணக்கில் போனால் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், பாதத்தில் எரிச்சல் வரும். தலைக்காயத்தின் விளைவு என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். லினெசோலிட் இரண்டு வாரம் தாண்டினால் வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை.

களஅறுவை:

கடைசியாக ஒன்று. அழுத்தம் குறைக்க எடுத்த மண்டையோட்டுத் துண்டை வைத்திருப்பதா, எறிவதா? திரும்ப மூடுவது எப்போது?

நரம்பறுவை:

காயத்துக்குள் இருந்த, மண்பட்ட, நொறுங்கிய எலும்பை எறியுங்கள். காயத்தைத் தொடாத சுத்தமான பெரிய துண்டென்றால் வயிற்றுத் தோலுக்கடியில் வைக்கலாம், ஆனால் இடமாற்றத்தில் ஆவணம் தொலைந்து, வயிற்றில் எலும்பு இருப்பதே அடுத்த மருத்துவமனைக்குத் தெரியாமல் போவதுண்டு. வயிற்றுக் கட்டின் மேலேயே எழுதி அனுப்புங்கள்.

தொற்று வந்தவருக்குக் குறைந்தது 6 மாதம், முடிந்தால் ஒரு வருடம் கழித்தே மூடல், அதுவும் தோல் நன்றாக ஆறி, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) இயல்பாகி, சிடியில் சீழ் இல்லை என்று தெரிந்தபின். அதுவரை எலும்பில்லாத பக்கத்துக்குத் தலைக்கவசம். வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தில், உள்ளே தங்கிய சில்லுகள் எத்தனை, எங்கே என்று படத்தோடு எழுதுங்கள். தொற்றுகள் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்தில் வந்துவிடும், ஆனால் சீழ்க்கட்டி வருடங்கள் கழித்தும் வரலாம். புதிதாகத் தலைவலி, வலிப்பு, காய்ச்சல், தழும்பில் ஈரம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருந்தேற்றிய சிடி எடுக்க வேண்டும், எம்ஆர்ஐ கூடாது என்ற இரண்டு வரியும் அதே காகிதத்தில் இருக்கட்டும்.